முதல் வீடும் கடைக் கணக்கும்

முதன்முறையாக வீடு வாங்குவோருக்கு அரசு உதவி தருகிறது என்று செய்தித்தாளில் ஒரு பத்தி வந்துவிட்டால் போதும். மறுநாள் கடைத்தெருவில் அதுதான் பேச்சு. ஒருவர் இரண்டே முக்கால் லட்சம் என்பார். மற்றொருவர் மூன்றரை லட்சம் என்பார். மூன்றாமவர், "அதெல்லாம் நமக்குக் கிடைக்காது அண்ணாச்சி" என்று முடித்துவிடுவார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழு உண்மை எதிலும் இல்லை.

வணிகர்களில் பலர் கடைக்கு வாடகை, கிட்டங்கிக்கு வாடகை, குடியிருக்கும் வீட்டுக்கும் வாடகை என்று மூன்று வாடகை கொடுத்து வாழ்பவர்கள். நம்மிடம் வேலை செய்யும் சிப்பந்திகளோ அதைவிடச் சிரமப்படுபவர்கள். இந்த இரு சாராருக்கும் பயன்படும் உதவி எது, அதன் அளவு எவ்வளவு, அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கை நழுவும் என்பதை விளக்குவதே இந்தப் பாடத்தின் நோக்கம். கணக்கோடு சொல்கிறேன். நாம் கணக்கில் பிழைப்பவர்கள். கணக்கு இல்லாத பேச்சு நமக்கு உதவாது.

உதவி ஒன்றல்ல, பல

முதலில் குழப்பத்தைத் தீர்ப்போம். வீட்டுக்கான அரசு உதவிகள் பல வகை. அவரவர் நிலைக்கு ஏற்றது வேறு வேறு.

கிராமத்தில் குடிசையில் வாழ்வோருக்கு, தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஒன்று. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் வீடு. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அப்போது வைத்த இலக்கு. "மூன்றரை லட்சம்" என்று கடைத்தெருவில் கேட்பது இதைத்தான். நகரத்தில் வாடகை வீட்டில் இருந்து கடை நடத்துபவருக்கு இது பொருந்தாது.

நகரத்தில் சொந்த மனை இருந்து, வீடு கட்ட வசதி இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு, பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவு உண்டு. 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் இரண்டாம் கட்டத்தில் மத்திய அரசின் பங்கு 1.50 லட்சம், மாநிலத்தின் பங்கு குறைந்தது 1 லட்சம், ஆக 2.50 லட்சம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

மனையும் இல்லாத ஏழைகளுக்கு, அரசு வாரியங்கள் கட்டும் அடுக்குமாடி வீடுகளில் ஒதுக்கீடு பெறும் வழி உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது இதைத்தான் செய்கிறது. இதில் பயனாளியும் தம் பங்குத் தொகையைச் செலுத்த வேண்டும்.

கடைசியாக, வங்கிக் கடன் வாங்கி முதல் வீடு வாங்குவோருக்கான வட்டி மானியம். சிறு கடைக்காரருக்கும், ஓரளவு சம்பளம் வாங்கும் கடை ஊழியருக்கும் பொருந்துவது பெரும்பாலும் இதுவே. ஆகவே இந்தப் பாடத்தில் இதைத்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

"இரண்டே முக்கால் லட்சம்" என்ற பேச்சுக்கும் காரணம் உண்டு. 2015 ஜூனில் தொடங்கிய முதல் கட்டத்தில் குறைந்த வருமானக்காரருக்கு 6 லட்சம் வரையுள்ள கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியம் கொடுத்தார்கள். அது அதிகபட்சம் 2.67 லட்சம் ரூபாயாகக் கணக்கிடப்பட்டு, மொத்தமாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்தப் பிரிவு 2022 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இன்றும் அந்தத் தொகையைச் சொல்லி வீடு விற்கிறவர் இருந்தால், அவர் பழைய விலைப்பட்டியலைக் காட்டுகிறார் என்று பொருள்.

இன்றைய வட்டி மானியத்தின் விதிகள்

இரண்டாம் கட்டத்தின் வட்டி மானிய விதிகளை எளிமையாகத் தருகிறேன்.

1. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 3 லட்சம் வரை ஒரு பிரிவு, 6 லட்சம் வரை ஒரு பிரிவு, 9 லட்சம் வரை ஒரு பிரிவு.

2. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், வாங்கும் கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் உள் பரப்பு 120 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது.

3. கடன் 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் ஒப்புதலாகி வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

4. குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் நிரந்தரக் கட்டட வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள்.

5. கடந்த 20 ஆண்டுகளில் அரசின் வேறு வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருக்கக் கூடாது.

6. மானியம் கடனின் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 4 சதவீதம், 12 ஆண்டுக் காலம் வரை கணக்கிடப்படும். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். அதை ஐந்து ஆண்டுத் தவணைகளாகத் தருவார்கள். அதாவது, ஆண்டுக்கு 36,000 ரூபாய்.

7. ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் கணக்கு நடப்பில் இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் நிலுவையும் இருக்க வேண்டும்.

ஏழாம் விதியை வணிகர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் விற்பனையில் கையில் பணம் புரண்டால் அதைக் கொண்டுபோய்க் கடனில் கட்டிவிடுவது நம் வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் ஐந்து ஆண்டு முடிவதற்குள் அசலில் பாதியை அடைத்துவிட்டால் மீதி மானியத் தவணை வராது. அதேபோல் தவணை கட்டாமல் கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டாலும் வராது. அவசரமும் ஆகாது, அசட்டையும் ஆகாது.

நான்காம் விதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சொந்த ஊரில் பாட்டனார் வீட்டுப் பாகம் உங்கள் பெயரில் பட்டாவோ பத்திரமோ ஆகியிருந்தால், "அது ஓட்டை வீடுதானே" என்று மறைக்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் உள்ளதைச் சொல்லித் தெளிவு பெறுங்கள். உறுதிமொழி கொடுத்து வாங்குகிற பணம் இது. பின்னால் பொய் என்று தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

முப்பது லட்ச ரூபாய் வீட்டின் கணக்கு

இனி ஓர் உதாரணம். ஒரு வணிகர் நகரத்தின் ஓரத்தில் 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு தனி வீடு பார்க்கிறார். பத்திரத்திலும் அதே தொகை. வழிகாட்டி மதிப்பு அதற்குள் அடங்குகிறது.

வங்கிக் கடன் 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து போட வேண்டியது 5 லட்சம். இதோடு தீர்ந்ததா? இல்லை. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், சொத்து மாற்று வரி 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். முப்பது லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிட வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. ஆகவே இதுவும் கைப்பணந்தான்.

ஆக, கைமுதல் 7,70,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி, மின் இணைப்புப் பெயர் மாற்றம், சில்லறை மராமத்து எல்லாம் தனி.

அரசு தருவது 1,80,000. அரசுக்குப் பதிவில் கட்டுவது 2,70,000. இதைச் சொல்லும்போது, "ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறார்களே" என்று சிலருக்குக் கோபம் வரும். பதிவு வருமானம் மாநிலத்துக்கு, மானியம் மத்திய அரசிடமிருந்து. இரண்டும் வேறு பெட்டி. ஆனால் வாங்குகிறவருக்கு இருப்பது ஒரே பெட்டிதான். அதனால் பதிவுச் செலவையும் சேர்த்துப் பார்க்காமல் மானியத்தை மட்டும் எண்ணுகிறவர் பாதிக் கணக்கே போட்டவர்.

இதில் சற்று ஆறுதல், கட்டுநரிடமிருந்து நேராக வாங்கும் புது அடுக்குமாடி வீட்டில் உண்டு. 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள முறைப்படி 50 லட்சத்துக்கு உட்பட்ட புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். முப்பது லட்சத்துக்கு 1,80,000. மானியமும் அதே 1,80,000. வரவும் செலவும் சரி! ஆனால் கட்டி முடியாத வீடாக இருந்தால் ஜி.எஸ்.டி. சேரும், குறைந்த விலை வீட்டு வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம், வராவிட்டால் 5 சதவீதம். பணி நிறைவுச் சான்று பெற்ற பின் விற்கப்படும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இன்னொரு சிறு சலுகை: 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை முதலியவற்றைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. எட்டு லட்ச ரூபாய் மனையை மனைவி பெயரில் பதிந்தால் 8,000 ரூபாய் மிச்சம். சிறு தொகை என்று தள்ள வேண்டாம். ஒரு மூட்டைக்கு எட்டணா மிச்சம் பிடித்து வளர்ந்தவர்கள் நாம்.

உதவி வரும் நேரம்

தொகையைவிட முக்கியமானது அது வரும் நேரம். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், முதல் வீடு வாங்கும் குடும்பத்துக்கு வருமானத்தைப் பொறுத்து அரசு மானியம் உண்டு. 2024 ஆகஸ்டில் அதன் உச்சவரம்பை 1,20,000 சிங்கப்பூர் டாலராக உயர்த்தினார்கள். அந்தத் தொகை வாங்குபவரின் சேமநிதிக் கணக்கில் ஏறி, வீட்டின் விலையிலேயே கழிகிறது. அதாவது, உதவி வாசற்படியில் கிடைக்கிறது. நமது வட்டி மானியமோ வீட்டுக்குள் நுழைந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு தவணையாக வருகிறது. ஆகவே முன்பணத்துக்கோ பதிவுச் செலவுக்கோ அதை நம்பக் கூடாது. "மானியம் வந்ததும் தருகிறேன்" என்று கைமாற்று வாங்குகிறவர், ஐந்து ஆண்டுக்குள் கைமாற்றின் வட்டியிலேயே மானியத்தை இழப்பார்.

மாதத் தவணையையும் பார்ப்போம். 25 லட்சம், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 21,700 ரூபாய். இருபது ஆண்டில் கட்டுவது ஏறக்குறைய 52 லட்சம். மானியத்தை மாதக் கணக்கில் பார்த்தால் 3,000 ரூபாய். அதுவும் ஐந்து ஆண்டுக்குத்தான். உதவி ஐந்து வருடம், கடன் இருபது வருடம். "மானியம் உண்டு" என்று தைரியப்பட்டுத் தாங்க முடியாத தவணையில் இறங்கக் கூடாது.

அப்படியானால் இந்த மானியம் அற்பமா? அப்படியும் இல்லை. அதைக் கையாளும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. ஆண்டுதோறும் வரும் 36,000 ரூபாய் அசலில் கழியட்டும். மாதத் தவணையைக் குறைக்காமல் அதே 21,700-ஐக் கட்டி வாருங்கள். மேலே சொன்ன கடன் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு முன்னதாகவே தீர்ந்துவிடும். முப்பது தவணை மிச்சம்; அதாவது சுமார் ஆறரை லட்சம் ரூபாய். தவணையைக் குறைக்கலாமா, காலத்தைக் குறைக்கலாமா என்று வங்கியில் கேட்டால், வியாபாரம் தாங்குமானால் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வருமானத்தை உள்ளபடி காட்டுங்கள்

இனி வருவதுதான் பாடத்தின் இதயம். சிறு வணிகருக்கு இந்த உதவி கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம் அரசும் அல்ல, வங்கியும் அல்ல. நம் கணக்குப் புத்தகந்தான்.

வங்கி இரண்டு கேள்வி கேட்கும். உன் வருமானம் எவ்வளவு? அதற்கு எழுத்தில் என்ன சான்று? முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. கல்லாவில் பணம் புரள்கிறது, பேரேட்டில் இல்லை. மாதம் ஐம்பதாயிரம் மிச்சம் பிடிக்கிற பலசரக்குக் கடைக்காரர், வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்று காட்டியிருப்பார். பல ஆண்டுகளாக அதுவே புத்திசாலித்தனம் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அதன் பலனைப் பாருங்கள். பொதுவாக வங்கிகள் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போக விடுவதில்லை. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்றால் மாதம் 20,800. அதில் பாதி 10,400. அந்தத் தவணைக்கு 20 ஆண்டுக் கடன் 12 லட்சம் கூட வராது. 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு மீதி 18 லட்சத்தை எங்கே போய்த் தேடுவது? அதே மனிதர் உண்மையான 6 லட்சத்தைக் காட்டியிருந்தால் 25 லட்சம் கடனுக்கும் தகுதி. மானியத்துக்கும் தகுதி, ஏனென்றால் வரம்பு 9 லட்சம்.

வரி வந்துவிடுமே என்ற அச்சந்தான் காரணம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், சாதாரண வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை. நிலம், பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ஆறு லட்சம் சம்பாதிக்கிறவர் ஆறு லட்சம் என்றே காட்டினாலும் வரி இல்லை; ஒன்பது லட்சம் காட்டினாலும் இல்லை. வரிக்குப் பயந்து வருமானத்தை ஒளித்த காலம் போய்விட்டது. ஒளிப்பதனால் இன்று நட்டம் நமக்கே.

உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டும் சிறு வணிகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழியாக வரும் விற்பனைக்கு 6 சதவீதம் என்பது குறைந்த அளவு. உண்மையில் அதற்கு மேல் லாபம் இருந்தால் மேலே காட்டலாம், காட்டவும் வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு விற்பனை, வருமான வரிக் கணக்கில் ஒரு விற்பனை, வங்கிப் புத்தகத்தில் ஒரு விற்பனை என்று மூன்று விதமாக இருந்தால் கடன் அதிகாரி புத்தகத்தை மூடிவிடுவார்.

எங்கள் கடைத்தெருவில் ஒருவர் வீட்டுக்கு முன்பணம் கொடுத்த பிறகு அவசரமாக ஒரே ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்தார். வங்கியில் மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் குறித்த காலம் கடந்தது, முன்பணம் போயிற்று. நாணயமான மனிதர், கடன் பாக்கி வைக்காதவர். ஆனால் அவர் நாணயத்துக்குக் காகிதச் சாட்சி இல்லை. வீடு வாங்க வேண்டும் என்ற எண்ணம் வந்த நாளே வருமான வரிக் கணக்கைத் தொடங்கும் நாள். மூன்று ஆண்டு முன்னதாகத் தொடங்குங்கள்.

நம் சிப்பந்திகளுக்கு நாம் செய்ய வேண்டியது

நம் கடையில் பத்து, பதினைந்து ஆண்டு வேலை செய்த பையனுக்குக் கல்யாணம் ஆகிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள், வாடகை ஏறுகிறது. வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். அவனிடம் இல்லை. ஏன் இல்லை? நாம் சனிக்கிழமை இரவு கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுக்கிறோம். அவன் வாங்கிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான்.

அவனுக்கு நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம், அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கிறோம். இவையெல்லாம் தருமந்தான். ஆனால் மாதம் ஒரு சம்பளச் சீட்டு கொடுத்து, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டால், அதற்கு நமக்கு ஒரு காசு அதிகச் செலவில்லை; அவனுக்கோ அது ஒரு வீட்டுச் சாவி. கணவன் 22,000, மனைவி 14,000 என்று இருவர் சம்பளமும் எழுத்தில் இருந்தால், ஆண்டுக்கு 4.32 லட்சம், 15 முதல் 20 லட்சம் வரை கடனுக்கு வழி உண்டு, வட்டி மானியத்துக்கும் தகுதி உண்டு. எழுத்தில் இல்லாவிட்டால் அதே குடும்பம் வங்கியின் கண்ணுக்கு வருமானமே இல்லாத குடும்பம்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாயம். அதைச் சுமை என்று எண்ணும் முதலாளிகள் உண்டு. வீடு வாங்க, கட்ட அந்த நிதியிலிருந்து பணம் எடுக்க விதி இருக்கிறது. மேலே சொன்ன கைமுதல் 7,70,000 ரூபாயில் ஒரு பகுதி அங்கிருந்து வரும். ஊழியரின் முதல் வீட்டுக்கு அதுவே அடிக்கல்லாக அமையும்.

நம் கடை வாசலில் தள்ளுவண்டியில் பிழைப்பவர்களையும் மறக்கக் கூடாது. 2020-இல் தொடங்கிய தெருவோர வணிகர் கடன் திட்டத்தில் பதிவானவர்களுக்கும், கணவனை இழந்தோர், மாற்றுத் திறனாளிகள் போன்றோருக்கும் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் முன்னுரிமை உண்டு. இதை அவர்களிடம் யார் சொல்வது? பக்கத்துக் கடைக்காரரான நாம்தான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்

வாங்கும் சரக்கை மாதிரி பார்க்காமல் லாரி ஏற்றுவோமா? வீட்டுக்கும் அதே நிதானம் வேண்டும்.

- முதலில் வங்கிக்குப் போய் உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு வீடு பாருங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

- முன்பண ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பத் தரப்பட வேண்டும் என்ற வாசகம் இருக்கட்டும்.

- மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

- அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. வரன்முறை ஆகாத மனை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதற்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லையேல் வட்டி மானியமும் இல்லை.

- புது அடுக்குமாடி வீடென்றால், திட்டம் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் முன்பணம் வாங்கக் கூடாது.

- "பத்திரத்தில் பாதி, கையில் பாதி" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும், கைமுதல் பெருகும். வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுக்கிறது. மீறிப் பெறுபவருக்கு அதே அளவு அபராதம். அதோடு, நாளை நீங்கள் அந்த வீட்டை விற்கும்போது குறைத்துக் காட்டிய தொகைதான் உங்கள் கொள்முதல் விலை.

- "மானியம் வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள்" என்று வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்குக் குடும்பத்தாரின் ஆதார், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று போதும். கடன் கொடுக்கும் வங்கி, வீட்டுக் கடன் நிறுவனம் அல்லது அரசின் இணையதளம் வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம்.

- வீட்டை மனைவி பெயரிலோ, இருவர் கூட்டுப் பெயரிலோ பதிவு செய்வது நல்லது. வியாபாரத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. குடும்பத்தின் தலைமேல் கூரை ஆட்டம் காணக் கூடாது. அதே காரணத்தால் முதல் வீட்டை வியாபாரக் கடனுக்கு ஈடு வைக்கும் பழக்கத்தையும் தவிருங்கள்.

கைமுதல் சேர்க்கும் வழி

7,70,000 ரூபாய் என்றதும் மலைப்பாக இருக்கும். மாதம் 15,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் போட்டால் வட்டியோடு நான்கு ஆண்டுக்குள் சேர்ந்துவிடும். வியாபாரத்தில் புரளும் பணத்தோடு இதைக் கலக்கக் கூடாது. தனிக் கணக்கு வேண்டும். சீட்டுப் போடுவதானால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டாக இருக்கட்டும். நம்பிக்கைச் சீட்டில் வீட்டுப் பணத்தை வைக்க வேண்டாம். அந்த மூன்று, நான்கு ஆண்டும் வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கலாகி வந்தால், பணம் சேரும் நாளில் தகுதியும் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய இரு மாடுகள்.

வட்டி மானியத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 2024 செப்டம்பர் முதல் ஐந்து ஆண்டு என்று காலம் வகுத்திருக்கிறார்கள். இன்று கணக்கெழுதத் தொடங்குகிறவருக்கு இதன் கடைசிப் பகுதி கிடைக்கலாம். தவறினால் அடுத்து வேறு திட்டம் வரும். திட்டங்களின் பெயர் மாறும், தொகை மாறும். 2015-இல் வந்ததும் 2024-இல் வந்ததும் அப்படித்தான் மாறின. ஆனால் இரண்டிலும் மாறாத ஒன்று, "உன் வருமானத்துக்குச் சான்று எங்கே?" என்ற கேள்வி. அடுத்து வருவதிலும் அந்தக் கேள்வி இருக்கும்.

சங்கக் கிளைகளுக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போடுவோம். ஒரு தணிக்கையாளரும், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவரும் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். வீடு இல்லாத உறுப்பினர்களும், நம் ஊழியர்களும் தங்கள் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டட்டும். எது குறைகிறது, எத்தனை ஆண்டில் சரியாகும் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிடலாம். உறுப்பினர்களும் அடுத்த சம்பள நாளிலிருந்து தம் கடை ஊழியர்களுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கத் தொடங்கட்டும். ஐம்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தால் அதற்குப் போதும்.